ஏட்டில் சொல், தட்டில் மெட்டு

மதுரை வட்டாரத்துக் கிறிஸ்துமஸ் பாடல்களின் சொற்கள் அச்சேறி ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் மெட்டுகளோ ஒலிப்பதிவு வரும்வரை பாடுவோர் வாயிலும் கேட்போர் செவியிலுமே வாழ்ந்தன. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்கள் இடம்பெற்ற கீர்த்தனைத் தொகுப்பை 1853இல் வெளியிட்டார். பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் என்று அமைவது கீர்த்தனை. இத்தகைய நூல்களில் பாடலின் தலைமாட்டில் 'செஞ்சுருட்டி, ஆதி' என்பதுபோல ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் மட்டுமே காணப்படும். ராகம் சுவரங்களின் பொதுப்போக்கைக் காட்டுமேயன்றி இந்த அடியை இப்படித்தான் இழுக்க வேண்டும் என்று சொல்லாது. ஆகவே ஒரே கீர்த்தனை வண்டியூரில் ஒரு நெளிவும் திண்டுக்கல்லில் வேறொரு நெளிவும் பெறுவதற்கு இடமிருந்தது.

ஒலிப்பதிவு இந்த இடத்தைச் சுருக்கியது. எடுத்துக்காட்டாக, அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி 1942இல் பாடிய 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாடலுக்குப் படி எடுத்து எடுத்தே மூலத்தட்டு தேய்ந்துவிட, அவர் 1947இல் அதே இசைக்குழுவோடு, முன்னதைப் போலவே இருக்குமாறு அதை மறுபடியும் பாட நேர்ந்தது. இன்று பலரும் கேட்பது அந்த இரண்டாம் பதிவைத்தான். எனினும் பாடகர் மாறினால் பாட்டும் மாறும். 1956இல் ஹாரி பெலஃபான்டே பாடிய 'மேரிஸ் பாய் சைல்ட்' என்னும் பாடல், ஜிம் ரீவ்ஸின் 1963ஆம் ஆண்டுத் தொகுப்பில் தாலாட்டுப்போலத் தணிந்து ஒலிக்கிறது. போனி எம் குழுவின் 1978ஆம் ஆண்டுப் பதிவிலோ அதே பாடல் ஆட்டத்துக்குரிய தாளத்தில் துள்ளுகிறது. வீட்டுக்குள் இருந்து கேட்க ரீவ்ஸ். தெருவில் ஒலிபெருக்கிக்கு போனி எம்.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த, 'பரட்டை' என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, மெட்டு யாருக்கு உரியது என்னும் கேள்வியை வேறு விதமாகக் கண்டார். பயிற்சி பெற்ற குரல் தேவைப்படும் கர்நாடக மெட்டுகளும் மேலைநாட்டு மெட்டுகளும் எளிய மக்களை வெறும் கேட்போராக்கிவிடுகின்றன என்று கருதிய அவர், நாட்டுப்புற மெட்டுகளையும் பறை முதலிய இசைக்கருவிகளையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அவருடைய பாடல்களும் ஒலிநாடாக்களில் பரவின. ஆயினும், நாடாவில் கேட்டதை ஊருக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிப் பாடிக்கொள்வதையே அவர் விரும்பினார்.