நெஞ்சு வலிக்கும் முன்பே பார்க்க வேண்டியவை



"ஆள் ஒல்லி, வலியும் இல்லை, எனக்கு ஏன் மாரடைப்பு?" என்று பலரும் நினைக்கிறோம். ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது பல ஆண்டுகள் வெளியே தெரியாது. ஆனால் சில அளவுகள் முன்பே காட்டிக்கொடுக்கும்.

இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. தையல் டேப்பே போதும். கை கால் ஒல்லியாக இருந்தும் தொப்பை விழுவது நம் நாட்டில் அதிகம்.

ரத்த அழுத்தம்: 140/90-ஐத் தொட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

சர்க்கரை: வெறும் வயிற்றில் 100-ஐத் தாண்டினால் கவனம், 126 என்றால் மறுபடி சோதித்து உறுதி செய்யுங்கள்.

கெட்ட கொழுப்பு (எல்.டி.எல்.): 100-க்குக் கீழே இருப்பது நல்லது.

குடும்பம்: தந்தைக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்குள், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் உங்களுக்கும் ஆபத்து கூடுதல். அத்தகையவர்கள் 'லிப்போபுரோட்டீன் ஏ' என்ற ரத்தப் பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இது பரம்பரையாக வருவது. பத்தியத்தால் பெரிதாகக் குறையாது. அளவு கூடியிருந்தால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும்.

இவை ஒன்றோடொன்று சேரும்போதுதான் ஆபத்து பெருகும். புகைப்பழக்கமும் இருந்தால் இன்னும் மோசம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். வீட்டுப் பெண்களுக்கும் பாருங்கள்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவோம், இன்ஷா அல்லாஹ்.