துலாக்கோலும் இலத்திரனியல் தராசும்: தோட்டா மீள்நிரப்பலில் ஓர் ஒப்பீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலக்குச் சுடுவோரும் வேட்டையாடுவோரும் பலர், சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கோதினை வீசிவிடாது, புதிய தீமூட்டியும் வெடிமருந்தும் சன்னமும் இட்டுத் தாமே மீண்டும் தோட்டாவாக்குவர். வெடிமருந்தை நிறுப்பதற்கு அவர்கள் இருவகைத் தராசுகளைக் கையாளுகின்றனர். ஒன்று நகரும் நிறையுடைய துலாக்கோல். மற்றையது இலக்கங்களாற் பெறுமானம் காட்டும் இலத்திரனியல் தராசு. இவற்றுள் எதனைத் தெரிவது என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுண்ணளவின் இன்றியமையாமை

இத்துறையில் வழங்கும் அலகு கிறெயின் ஆகும். 7000 கிறெயின் ஓர் இறாத்தல். ஒரு கிறெயின் ஏறத்தாழ 64.8 மில்லிகிராம். இத்தராசுகள் பொதுவாக 0.1 கிறெயின் வரை அளப்பன. 40 கிறெயின் மருந்து கொள்ளும் நீள்துப்பாக்கித் தோட்டாவில் 0.1 கிறெயின் வழு நூற்றுக்குக் கால் வீதமே. 4 கிறெயின் கொள்ளும் கைத்துப்பாக்கித் தோட்டாவிலோ அதே வழு நூற்றுக்கு இரண்டரை வீதமாகின்றது.

நைத்திரோசெலுலோசை அடிப்படையாகக் கொண்ட புகையில்லா மருந்து, அமுக்கம் உயருந்தோறும் மேலும் விரைந்து எரியும் இயல்பினது. ஆகவே மருந்து சிறிது மிகினும் அமுக்கம் அதனினும் கூடிய விகிதத்தில் உயரும். எல்லை கடப்பின் துப்பாக்கி சிதைந்து சுடுபவரின் கையையும் கண்ணையும் ஊறுபடுத்தும். மருந்து மிகக் குறையினும் தீங்கே. சன்னம் குழலினுள் தங்கிவிட, அதனை அறியாது அடுத்து சுடுபவருக்கு ஆபத்து நேரும்.

துலாக்கோலின் இயல்பு

துலாக்கோல் ஒரு திணிவை இன்னொரு திணிவுடன் ஒப்பிடுவது. புவியீர்ப்பு இருபுறத்தும் ஒரே வீதத்திற் செயற்படுதலின் இடத்துக்கிடம் அதன் பெறுமானம் மாறுவதில்லை. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கியதன் பொருத்தம் இங்கும் புலனாகின்றது. கோலின் கத்திவிளிம்பு கடினமான தாங்கியில் அமர்ந்திருக்கும். கோலுடன் இணைந்த உலோகத் தகடு காந்தங்களிடையே அசையும்போது அதிற் சுழிப்போட்டங்கள் தோன்றி ஊசலாட்டத்தை விரைவில் அடக்குகின்றன. இதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. எனினும் தாங்கியிற் படியும் தூசும், மட்டமற்ற மேசையும், சாய்வாக நோக்கும் கண்ணும், தன் பள்ளத்தினின்று நழுவிய நகரும் நிறையும் இதனைப் பிழைபடச் செய்யும்.

இலத்திரனியல் தராசின் இயல்பு

இவ்வகையில் விலை குறைந்தவை பெரும்பாலும் விகாரமானியைக் கொண்டவை. 1938 ஆம் ஆண்டளவில் எட்வேட் சிமன்சு, ஆதர் ரூச் ஆகிய இருவரும் தனித்தனியே இதனை உருவாக்கினர். சுமையால் உலோகத்துண்டு நுண்ணளவு வளைய, அதில் ஒட்டிய கம்பியின் மின்தடை மாறும். அம்மாற்றமே நிறையாகக் காட்டப்படும். இங்கு அளக்கப்படுவது திணிவன்று, விசையே. ஈர்ப்பு ஆர்முடுகல் மத்தியகோட்டில் 9.78, முனைவில் 9.83 மீற்றர்/செக்கன்² ஆதலின், அளவு திருத்திய இடத்தினின்றும் வேறிடம் கொண்டு சென்றால் படிக்கல் கொண்டு மீண்டும் திருத்துதல் வேண்டும்.

வெப்பநிலை மாற்றம், மென்காற்று, மின்காந்த இடையூறு என்பவற்றால் பூச்சியம் மெல்ல நகர்தலும் உண்டு. பூச்சியத்தைத் தானே பேணும் சில தராசுகள், மருந்தைச் சிறுகச் சிறுகத் தூவும்போது அம்மிகையைப் பூச்சியத்தின் நகர்வென்று கொண்டு காட்டாது விடுவதுமுண்டு. ஆயினும் விரைவும் வாசிப்பின் எளிமையும் இதன் சிறப்புக்களாம். பல கோதுகளையும் சன்னங்களையும் நிறுத்து வகைப்படுத்துவோர்க்கு இதுவே ஏற்றது.

தெரிவு

மருந்தைத் துகள்துகளாக நிரப்புவோர்க்கும், செலவு குறைத்து நெடுங்காலம் பயன்கொள்ள விழைவோர்க்கும் துலாக்கோல் ஏற்புடையது. விரைவை நாடுவோர் இலத்திரனியல் தராசைக் கொள்ளலாம். அவர்கள் சிறிது நேரம் முன்னரே அதனை இயக்கி நிலைபெறச் செய்தல் வேண்டும்.

எனினும் இலக்கங்களின் தெளிவு வேறு, அளவின் செம்மை வேறு. 0.1 வரை காட்டும் கருவி 0.1 வரை சரியாக நிறுக்கும் என்பது நியதியன்று. நிறுக்க வேண்டிய அளவை ஒத்த நியமப் படிக்கல்லை வேலையின் தொடக்கத்தும் இடையிலும் இறுதியிலும் வைத்துப் பார்த்தலே அதனைத் துணியும் வழி. எத்தராசைக் கொள்ளினும் படிக்கல்லின்றி நிறுப்பவர், தம் கையையும் கண்ணையும் சோதிக்கப்படாத ஒரு கருவியிடம் ஒப்படைத்தவரே ஆவர்.