எடுத்த பூட்டை மாட்ட எட்டு வருஷம்

2012 மே மாதத் தொடக்கத்தில் ஃபேஸ்புக் முகவரியின் வாலில் ஒரு கேள்விக்குறி, ஒரு சிறுகோடு, 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து ஆகியவற்றைச் சேர்த்துத் தட்டியவர்களுக்கு நிரல் வரி போல ஒன்று தெரிந்தது. அதிலிருந்த முகவரியைத் தொடர்ந்து போனால், அந்த நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கம்! வேறு பல தளங்களில் அதே மூன்றெழுத்து வேடிக்கை காட்டவில்லை. தளத்தின் மூல நிரலையே திரையில் விரித்துவைத்தது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதில் இருந்தால் அதுவும் கூடவே வந்தது.

அந்தத் தளங்களெல்லாம் பிஎச்பியில் ஓடியவை. ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதி 1995 ஜூனில் வெளியிட்ட சில்லறைக் கருவிகள்தான் பின்னால் பிஎச்பி என்ற மொழியாக வளர்ந்தன. வேர்ட்பிரஸ் அதில்தான் எழுதப்பட்டது. நாம் படிக்கும் தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கங்களைத் தருவதும் பிஎச்பிதான். பிஎச்பியின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். ஆனால் ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது படிப்பவருக்குத் தெரியுமா? அது வேறு விஷயம்.

வெப் சர்வரும் பிஎச்பியும் பேசிக்கொள்ளச் 'சிஜிஐ' என்றொரு பழைய முறை உண்டு. அதன் விதிகளில் யாரும் எட்டிப்பார்க்காத மூலை ஒன்று இருக்கிறது. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதில் சமக்குறி இல்லையென்றால், அதை கமாண்ட் லைன் கட்டளையாக நிரலிடம் கொடுத்துவிடலாம். பிஎச்பியைப் பொறுத்தவரை சிறுகோடு 'எஸ்' என்றால், "ஓட்டாதே, மூலத்தைக் காட்டு" என்று பொருள். சிறுகோடு 'டி' இன்னும் மோசம். அமைப்புகளையே மாற்றி, வெளியாள் அனுப்பும் நிரலை சர்வருக்குள் ஓட்ட அது வழிவிடும்.

முன்னோர்கள் இதை அறியாமல் இல்லை. சிஜிஐ முறையில் ஓடும்போது கட்டளைகளைப் படிக்காதே என்று ஒரு தடை போட்டிருந்தார்கள். இந்தத் தடை ஏன், யாருக்காவது நினைவிருக்கிறதா என்று 2004-ல் கேள்வி எழுந்தது. தடை இல்லாவிட்டால் சில வேலைகள் சுலபமாகும். பழைய காரணம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பூட்டு கழற்றப்பட்டது.

எட்டு ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. அல்லது நடந்தது யார் கண்ணிலும் படவில்லை. 2012 ஜனவரியில், 'நல்கான்' என்ற இந்தியப் பாதுகாப்பு மாநாட்டை ஒட்டிய ஹேக்கிங் போட்டியில் 'ஐண்ட்பாசன்' என்ற டச்சுக் குழு தற்செயலாக இதில் தடுக்கி விழுந்தது. பிஎச்பி குழுவுக்கு ரகசியமாகத் தகவல் கொடுத்தார்கள். திருத்தம் தயாராகும் முன்பே, மே மாதத்தில், அந்தப் புகார் தவறுதலாகப் பொதுவெளிக்கு வந்துவிட்டது. அவசரமாக வெளியிட்ட முதல் பேட்ச்சில் சந்து இருந்தது. சில நாள்களில் இரண்டாவது பேட்ச் வந்தது.

அவசரம்தான் ஆபத்து என்று சொல்லிவிடவும் முடியாது. 2011 ஆகஸ்ட்டில் நிதானமாக நிரலைச் சுத்தப்படுத்தியபோதும் சறுக்கினார்கள். எழுத்துகளை ஒட்டும் பழைய சி மொழிச் செயல்கூறுக்குப் பதில் 'பாதுகாப்பான' ஒன்றை வைத்தார்கள். அதில் கொடுத்த அளவு தப்பு. விளைவு, 5.3.7 பதிப்பில் எம்டி5 முறையில் பாஸ்வேர்டைக் கலக்கிச் சேமித்தால் அதோடு கலக்கச் சேர்க்கும் 'சால்ட்' என்ற எழுத்துக்கோவை மட்டும் மிஞ்சியது, பாஸ்வேர்டு காணாமல் போனது. அப்படிச் சேமித்த கணக்கில் எந்த பாஸ்வேர்டைத் தட்டினாலும் கதவு திறக்கும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை ஏற்கெனவே இருந்தது, தோல்வி என்று கத்திக்கொண்டும் இருந்தது. மற்ற தோல்விகளின் கும்பலில் அந்தக் குரல் அமுங்கிப்போனது. ஐந்தே நாளில் 5.3.8 வந்தது. எனக்கு 2004-ஐவிட இதுதான் உறுத்துகிறது. அங்கே மறதி, இங்கே காதருகே மணி அடித்தும் யாரும் எழவில்லை.

இத்தனையையும் நினைவில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? 2021-ல் உள்ளிருந்தே ஒருவர் கணக்குப் போட்டார். எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் வேலை நின்றுபோகும் என்ற, கொஞ்சம் குரூரமான கணக்கு அது. விடை இரண்டு. அந்த இருவர் டிமித்ரி ஸ்டோகோவ், நிகிதா போபோவ். போபோவ் பள்ளி மாணவராக இருந்தபோதே பிஎச்பிக்குள் வந்தவர். அதே ஆண்டு நவம்பரில் அவர் வேறு திட்டத்துக்குப் போகிறார் என்ற செய்தி வந்தது. அதோடு, நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டுச் சம்பளத்துக்கு நிரலாளர்களை அமர்த்தும் 'பிஎச்பி ஃபவுண்டேஷன்' தொடங்கும் அறிவிப்பும் வந்தது. உலகின் பெரும்பான்மை இணையதளங்கள் நம்பியிருக்கும் மொழிக்கு இந்த ஏற்பாடு வர 26 ஆண்டு ஆகியிருக்கிறது.

சிறுகோடு 2012-ஓடு விட்டதா? 2024-ல் தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்ச் ட்சாய் அதே கதவை மறுபடி திறந்து காட்டினார். இம்முறை வந்தது உண்மையான சிறுகோடுகூட இல்லை. வரி முறியும் இடத்தில் மட்டும் தலைகாட்டும் 'சாஃப்ட் ஹைஃபன்'. 2012-ல் போட்ட பூட்டு அதை வேற்றாள் என்று நினைத்து விட்டுவிட்டது. ஜப்பானிய, சீன மொழி அமைப்பில் ஓடும் விண்டோஸ், தன் பழைய எழுத்து அட்டவணையில் அதற்கு இடமில்லாததால், 'கிட்டத்தட்ட இதுதானே' என்று அதைச் சாதாரணச் சிறுகோடாக மாற்றிக் கொடுத்துவிடும்.

ஜூன் 6 அன்று 8.3.8 உள்ளிட்ட மூன்று பதிப்புகளில் திருத்தம் வந்தது. சிறுகோடு மட்டுமல்லாமல், விண்டோஸ் சிறுகோடாக மாற்றக்கூடிய எழுத்தும் இப்போது சோதிக்கப்படுகிறது. விண்டோஸின் இந்தக் குணத்தைக் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்று, சோதனைக்குப் பக்கத்திலேயே நிரலுக்குள் ஒரு குறிப்பும் எழுதிவைத்திருக்கிறார்கள்.