மலையகப் பாட்டு வழி – 9: வள்ளியம்மாளின் பேராண்டி

கடந்த வாரம் காமன் கூத்துப் பாடல்களைப் பார்த்தோம். இந்த வாரம் நம் காலத்துப் பாட்டுக்காரர் ஒருவரிடம் வருவோம். அரக்கோணத்துக்காரரான அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா திரும்பிய வள்ளியம்மாளின் பேரன்.

2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் அறிவும் தீயும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளிவந்தது. இயற்கையைப் போற்றும் பாட்டு என்று சிலர் எழுதினார்கள். நிலமற்றவரின் குரல் என்று சிலர் எழுதினார்கள். ஆட வைக்கும் பாட்டு என்பதோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு.

எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ அதைக் கேட்பவருக்கு முதலில் காதில் விழுவது ஒப்பாரிதான். லயத்தில் சாவு விழுந்தால் பெண்கள் தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். செத்தவர் பிறந்த ஊர், வெட்டிய இறப்பர் மரம், பறித்த கொழுந்து, பட்ட கடன் எல்லாம் அந்த அழுகைக்குள் வந்துவிடும். நம் தோட்டங்களில் எழுதப்படாத வரலாறு இப்படித்தான் வாய்வழி வந்தது. பாடுபட்டு வளர்த்த தோட்டம் தனக்கென்று எதையும் தரவில்லையே என்ற வள்ளியம்மாளின் ஆற்றாமையை, பேரன் அந்த மெட்டிலேயே உலகத்துக்குக் கொண்டுபோனார்.

அது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. 1948 குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்தார் ஏராளம். இங்கே தங்கியவர்களையும் 1981 ஆகஸ்ட் வன்செயல் இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து விரட்டியது.

இனி, பாட்டைப் பற்றி எழுந்த பெரிய வாதம். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழ் தன் அட்டையில் தீயையும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலையும் போட்டது, அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனி அட்டை ஒன்றை இணையத்தில் வெளியிட்டார்கள். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. பாட்டை உருவாக்கியதில் யார் பங்கு எவ்வளவு என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் ஆளுக்கொரு விளக்கம் தந்தார்கள். அந்தக் கணக்கை நான் தீர்க்கப் போவதில்லை. ஆனால் உழைத்தவரின் பெயர் பின்னுக்குப் போவதன் வலி நமக்குப் பழகிய வலி. தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்கும்; கொழுந்து பறித்தவளின் பெயர் இருக்காது.

அதனால்தான் பின்னர் வந்த அறிவின் தனி இசைத்தொகுப்பின் தலைப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்: ‘வள்ளியம்மா பேராண்டி’. தன்னைப் பாட்டியின் பெயரால் அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒரு கலைஞரை, தாளத்தையும் ஆட்டத்தையும் மட்டும் வைத்து எடைபோடுவது அரைகுறை விமர்சனம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்தில் ஒப்பாரியும் தாலாட்டும் தெரிந்த அப்பாயி, அம்மாயி இன்னும் இருந்தால், கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் அவர்களுடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள்.