தீயின் மூச்சை நிறுத்தும் வாயு

தூர் வாரக் கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். பாதியில் விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது; அடியில் கரியமில வாயு தேங்கியிருக்கலாம். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது அது. பள்ளத்தில் தண்ணீர்போல் தங்கிவிடும்.

அதே வாயுதான் கோவைப் பஞ்சாலைகளில், மின்பலகைக்குப் பக்கத்தில், கறுப்புக் கூம்பு மாட்டிய சிவப்பு சிலிண்டருக்குள் திரவமாக அடைபட்டிருக்கிறது. 1888-ல் இங்கே முதல் நூற்பாலை தொடங்கியதிலிருந்தே பஞ்சோடு கூட வந்தது தீப்பயம். பொதியைக் கட்டிய கம்பியின் ஒரு துணுக்கு பஞ்சைப் பிரிக்கும் ப்ளோரூம் எந்திரத்தில் உரசினால் போதும், பொறி பறந்துவிடும்.

காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். அது ஏறத்தாழ 15-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான சுவாலைகள் அணைந்துவிடும். கூம்பிலிருந்து சீறும் வாயு ஆக்சிஜனை விலக்கித் தீயை மூடுகிறது. மின்சாரத்தைக் கடத்தாது, ஈரமோ தூளோ விடாது. அதனால்தான் மோட்டாருக்கும் மின்பலகைக்கும் அதை வைக்கிறார்கள். பீய்ச்சும்போது வெண்பனியாகத் தெறிப்பது மைனஸ் 78 டிகிரிக் குளிர். கைப்பிடியை விட்டுக் கூம்பைப் பிடித்தால் விரல் வெந்ததுபோல் ஆகிவிடும்.

ஆனால் பஞ்சுப் பொதியிடம் இந்த வாயு பாதிதான் ஜெயிக்கும். மேலே சுவாலை போய்விடும். உள்ளே, இழைகளுக்கிடையே சிக்கிய காற்றைக் கொண்டு கங்கு புகைந்துகொண்டே இருக்கும். வாயு கலைந்ததும் மறுபடி பற்றும். ஆகவே பொதியை வெட்டவெளிக்கு இழுத்து, பிரித்து, தண்ணீரில் நனைத்தே தீர வேண்டும். தீ அணைந்துவிட்டது என்று கதவை மூடிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் ஆபத்து.

கணினி அறைகளில் தீயை அணைக்க முன்பு ஹேலான் என்ற வாயு இருந்தது. ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அது படிப்படியாக நின்றது. இப்போது நைட்ரஜன், ஆர்கான் கலவைகளும் உண்டு. அளவாக விட்டால் தீ அணையும், ஆள் சிறிது நேரம் மூச்சுவிட முடியும். அறை முழுவதும் கரியமில வாயுவை நிரப்பும் அமைப்பில் அந்தச் சலுகை கிடையாது. சங்கு ஊதியதும் எல்லோரும் வெளியேறியாக வேண்டும். கிணற்று விளக்கு சொன்னதும் அதைத்தான்.

இன்னொன்று. கரியமில வாயு சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் இருக்காது. வாயு இருக்கிறதா என்று அறிய, தராசில் வைத்து நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் ஆலையில் கடைசியாக எடை பார்த்த தேதி, சிலிண்டரில் கட்டிய அட்டையில் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.