கள்ளுக்கடையை மூடினார்கள், பிறகு?

பொழுது சாய்ந்தது. வேலை முடிந்தது. ஊர் ஆண்கள் எங்கே போய் உட்காருவது?

சின்னக் கேள்விதான். ஆனால் பாரூர்ப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரமே உண்டு!

தென்பெண்ணைத் தண்ணீரால் நிறையும் பெரிய ஏரிக்குப் பேர் போன ஊர் பாரூர். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 1937-ல் இந்தப் பக்கம் முழுவதும் சேலம் ஜில்லா. அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி ஜில்லா முழுவதும் கள்ளுக்கடை, சாராயக்கடைகள் மூடப்பட்டன. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது இங்கேதான். கொண்டு வந்தவர் அப்போதைய முதல் மந்திரி ராஜாஜி. அவர் பிறந்த தொரப்பள்ளியும் இதே ஜில்லாவில், ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

கூலிப் பணம் முதல் தடவையாக முழுசாக வீடு வந்து சேர்ந்தது. அடுப்பு எரிந்தது. பெண்கள் மகிழ்ந்தார்கள். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் கள்ளுக்கடை என்பது குடிக்கும் இடம் மட்டுமா? மழை பெய்யுமா, மாடு என்ன விலை, அறுப்புக்கு ஆள் உண்டா என்ற பேச்செல்லாம் நடந்த இடமும் அதுதான். அந்த இடம் ஒரே நாளில் போய்விட்டது.

அயர்லாந்தில்

கடல் கடந்த அயர்லாந்து தேசத்தைப் பாருங்கள். அங்கே கிராமத்துக்குக் கிராமம் 'பப்' என்ற மதுக்கடை உண்டு. பல ஊர்களில் மளிகைக் கடையும் அதுவே. கோயிலில் பூசை முடிந்தால் அங்கே கூடுவார்கள். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்களும் அங்கேதான். பிடில் வாசிப்பார்கள், பாடுவார்கள். பெண்களும் வருவார்கள். 2005-க்குப் பிறகு அத்தகைய கடைகள் சுமார் 2,000 மூடிவிட்டன. குடி குறைந்தது நல்லதுதான் என்று சொல்பவர்களும் அங்கே உண்டு. ஆனால் தனியாக வாழும் கிழவர்கள், பேச்சுத் துணைக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள்.

அந்த நாட்டில் 1838-ல் மாத்யூ என்ற பாதிரியார், கார்க் நகரில் மதுவிலக்குப் பிரசாரம் தொடங்கினார். லட்சக்கணக்கானவர்கள் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அந்த இயக்கத்தினர் வெறும் உபதேசத்தோடு நிற்கவில்லை. வாசகசாலை வைத்தார்கள்; பாண்டு வாத்தியக் குழு அமைத்தார்கள்.

சேலத்திலும்

சரியாக 99 ஆண்டு கழித்து நம் சேலத்திலும் அதே யோசனை! விளையாட்டு, பஜனை, நாடகம் என்று மாலைப் பொழுதுக்கு ஏற்பாடு செய்தார்கள். மரம் ஏறுகிறவர்களுக்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி செய்தார்கள். கலால் வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-ல் விற்பனை வரி வந்தது. குடியை விட்ட ஊர், வரியைப் பெற்றது!

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். யுத்த காலத்தில் மதுவிலக்கு நின்றது. 1948-ல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் தளர்ந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கத் தடை. 2003 முதல் அரசாங்கமே சில்லறை மதுக்கடை நடத்துகிறது. அங்கே வாங்குவார்கள்; குடிப்பார்கள்; போவார்கள். ஊர் விஷயம் பேசி உட்காரும் இடமாக அது இல்லை.

அந்த இடத்தைப் பிடித்தது டீக்கடைப் பெஞ்சுதான். ஒருவர் பத்திரிகை படிக்க நாலு பேர் கேட்டார்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் உலகம் தெரிந்தது. ஆனால் ஒன்றை மறைப்பதற்கு இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் அந்தப் பெஞ்சில் எல்லாரும் உட்கார முடியவில்லை. சேரிக்காரருக்குத் தனித் தம்ளர் வைத்த கொடுமை வெகு காலம் நடந்தது.

பெண்களுக்கோ கள்ளுக்கடையும் இல்லை, பெஞ்சும் இல்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால், பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். அன்று மட்டும் அவர்கள் பாயைச் சுருட்டிக் கொண்டு, பிள்ளைகளோடு முன்னதாகவே வந்து இடம் பிடித்து விடுகிறார்கள்.