சொல்லின் வழித்தடம் – 14: உட்கார வைத்த சொல்

சென்ற வாரம் 'ரன்' என்னும் சொல்லின் ஓட்டத்தைப் பின்தொடர்ந்து சென்று, ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்பில் அந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் வகுக்கப்பட்டிருப்பதையும், அவற்றைப் பிரித்து ஒழுங்கு செய்ய அகராதி ஆசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாத காலம் பிடித்ததையும் கண்டோம். அந்தச் சொல் முடிசூடுவதற்கு முன்னால் நெடுங்காலம் அதே சிம்மாசனத்தில் வீற்றிருந்த சொல் 'செட்'. 1989-ல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் ஏறக்குறைய 430 பொருள்களோடு, 60,000 வார்த்தை அளவுக்கு விரிந்து கிடந்த அந்தச் சின்னஞ்சிறு சொல்லைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

நான் பள்ளியில் படித்த காலத்தில், இத்தகைய சொற்களின் அர்த்தங்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதி நெட்டுருச் செய்வதே வழக்கமாக இருந்தது. பொறி வைப்பதற்கும் 'செட்', மோதிரத்தில் கல் பதிப்பதற்கும் 'செட்', பாட்டுக்கு மெட்டு அமைப்பதற்கும் 'செட்', தயிர் உறைவதற்கும் 'செட்', சூரியன் அஸ்தமிப்பதற்கும் 'செட்' என்று மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும் போனோம். அவை யாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று அப்போது எவரேனும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனை உபகாரமாக இருந்திருக்கும் என்று இன்றும் எண்ணி வருந்துகிறேன்.

அந்தத் தாய் யார் என்பதை அறியத் தமிழனுக்குப் புது வியாகரணம் எதுவும் வேண்டியதில்லை. 'இரு' என்பது தன்வினை, 'இருத்து' என்பது பிறவினை, 'எழு', 'எழுப்பு', 'ஓடு', 'ஓட்டு', இவை நாம் தாய்ப்பாலோடு உண்டவை. ஆங்கிலத்தின் மூதாதை மொழியிலும் இதே முறை செழிப்பாக இருந்தது. 'சிட்' என்றால் உட்கார்தல். அதன் உயிரெழுத்தை மாற்றிப் பிறவினையாக்கியபோது பிறந்ததே 'செட்', அதாவது உட்கார வைத்தல். தானாக எழுவது 'ரைஸ்', எழுப்புவது 'ரெய்ஸ்'. மரம் விழுவது 'ஃபால்', மரத்தை வெட்டி வீழ்த்துவது 'ஃபெல்'. நம்மிடம் இன்றும் தழைத்து நிற்கும் அந்த மரபு ஆங்கிலத்தில் இப்படிச் சில ஜோடிகளாக மட்டுமே எஞ்சியிருக்கிறது.

இந்தத் தாதுவை மனத்தில் இருத்திக்கொண்டு அகராதியைத் திறந்தால், காடாகத் தெரிந்தது தோப்பாகத் தெரியத் தொடங்குகிறது. பொற்கொல்லர் கல்லை அதன் குழியில் உட்கார வைக்கிறார். வேடன் பொறியைப் புதரடியில் உட்கார வைக்கிறான். கடிகாரத்தின் முள்ளை உரிய இடத்தில் நிறுத்துவதும், அச்சகத்தில் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்து வரியில் அமர்த்துவதும் அதே செயல்தான். பிசகிய எலும்பைத் தன் ஸ்தானத்தில் அமர்த்துவதையும் ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே குறித்தனர். நாம் அதே வைத்தியத்தைப் 'புத்தூர்க் கட்டு' என்று சொல்லும்போது, நம் கண் எலும்பு அமர்வதைப் பார்க்காமல், மேலே சுற்றும் கட்டைப் பார்க்கிறது. ஒரே காரியத்தில் எந்த அம்சத்தைப் பெயராக்குவது என்பதில் ஒவ்வொரு பாஷைக்கும் ஒரு சுபாவம் உண்டு. அந்தச் சுபாவத்தைக் கண்டுகொள்வதில்தான் பாஷைகளைக் கற்பதன் முழு ஆனந்தமும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பிறவினையாகப் பிறந்த இச்சொல், காலப்போக்கில் தன்வினையாகவும் திரும்பிற்று. ஆடி அசைந்துகொண்டிருந்த பால் அசைவற்று அமர்ந்தால் தயிர். கலவையும் அவ்வாறே அமர்ந்து இறுகுகிறது. பகலெல்லாம் நடந்த சூரியன் அடிவானத்தில் போய் அமர்கிறான். நாம் 'பொழுது சாய்ந்தது' என்கிற இடத்தில் அவர்கள் பொழுது உட்கார்ந்தது என்று கண்டார்கள். வேட்டையில் பறவையின் மோப்பம் கிடைத்ததும் பாயாமல் பதுங்கி அமர்ந்து எஜமானனுக்கு இடங்காட்டும் நாய் ஜாதிக்குச் 'செட்டர்' என்று பெயர் வந்ததும் இவ்வழியிலேதான்.

இந்தச் சொல் அடங்கிய பகுதியை அகராதியின் முதற்பதிப்புக்காகத் தொகுத்தவர் ஹென்றி பிராட்லி. ஷெஃபீல்டு நகரத்துக் கத்தி வியாபாரக் கம்பெனி ஒன்றில் இருபது ஆண்டுகள் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்து, ஓய்வு நேரத்தில் தாமாகவே பல பாஷைகளைப் பயின்று, 1884-ல் அகராதியின் முதற்பகுதி வெளிவந்தபோது அதற்கு எழுதிய மதிப்புரை ஒன்றினாலேயே பிரதம ஆசிரியர் ஜேம்ஸ் மரேயின் கவனத்தைக் கவர்ந்த அந்த மகானுக்கு, 1928-ல் அகராதி நிறைவெய்தியதைக் காணும் பாக்கியம் கிட்டவில்லை, 1923-லேயே காலமாகிவிட்டார். துண்டுச் சீட்டுக்களில் வந்து குவிந்த மேற்கோள்களைப் பொருள் வாரியாகப் பிரித்து, எது முன் பிறந்தது, எது பின் பிறந்தது என்று வம்சாவளி கண்ட அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

ஆனால், கூட்டத்தையும் தொகுதியையும் குறிக்கும் 'செட்' என்ற பெயர்ச்சொல்லின் கதை வேறு. பின்பற்றுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து 'செக்டா' பிறந்தது. ஒருவரைப் பின்பற்றும் சம்பிரதாயக் கூட்டத்துக்கு அது பெயராயிற்று. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ஓசை தேய்ந்து, ஏற்கெனவே அங்கிருந்த வினைச்சொல்லோடு உருவத்தில் ஒன்றாகிவிட்டது. வெவ்வேறு மலைகளில் உற்பத்தியான இரண்டு நதிகள் சங்கமித்தபின் எந்த நீர் எதனுடையது என்று பிரிக்க முடியாதல்லவா? தமிழிலும் இதற்கு ஓர் அழகிய உதாரணம் உண்டு. பள்ளிக் கணிதத்தில் 'செட்' என்பதற்கு நாம் வழங்கும் சொல் 'கணம்'. பூதகணம், சிவகணம் என்னும்போது கூட்டத்தைக் குறிப்பது வடமொழிக் 'கண' சப்தம். கணப்பொழுது என்னும்போது காலத்தைக் குறிப்பதோ 'க்ஷணம்' என்பதன் தமிழ் வடிவம். எழுத்தில் இரண்டும் ஒன்றே. இருபிறப்புச் சொல்லுக்கு இருபிறப்புச் சொல்லே மொழிபெயர்ப்பாக வாய்த்திருப்பதை நினைத்து நான் வியக்காத நாளில்லை.

நம் ஊருக்கு வந்த 'செட்'டும் சும்மா இருக்கவில்லை. வயலில் பம்ப் செட், கல்யாண வீட்டில் மைக் செட், ஊர்வலத்தில் பேண்டு செட், ஹோட்டலில் செட் தோசை, ஸ்டூடியோவில் போடுகிற செட் என்று அது இடம் பிடித்துக்கொண்டது. இவற்றினும் எனக்கு விசேஷமாகப் படுவது, இளைஞர்கள் வாயில் சாதாரணமாக வழங்கும் 'செட் ஆகவில்லை' என்ற பிரயோகம். 'இந்த ஊர்த் தண்ணீர் எனக்குச் செட் ஆகவில்லை', 'அந்த வேலை அவனுக்குச் செட் ஆகாது' என்கிறார்கள். ஒத்துவரவில்லை, பொருந்தவில்லை என்பது இதன் கருத்து. ஆங்கிலேயன் இந்தப் பொருளில் அச்சொல்லை இவ்வாறு வழங்குவதில்லை. இது நம்மவர் படைத்தது. இதைக் கொச்சை என்று தள்ளுவோர் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. நம் தையற்காரர், தாம் தைத்த சட்டையை ஒருவருக்குப் போட்டுப் பார்த்து, தோள்பட்டையைத் தடவிவிட்டு, 'நன்றாக உட்கார்ந்திருக்கிறது' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். பொருந்துதலை உட்கார்தலாகக் காணும் அந்தப் பழைய தமிழ்க் கண்தான், 'செட்' என்பதன் ஆதி அர்த்தத்தை எவரும் சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடித்து, அதற்கு இந்தப் புதுப் பொருளையும் தந்திருக்கிறது.

(தொடரும்)